மதாம் வீட்டு நாயும் கொடைக்கானல் குளிரும்

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று காரைக்காலில் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையை நான் உண்டாக்கவில்லை. ஆனால் கலைக்கவும் இல்லை. நான் வேலை பார்க்கும் பத்திர அலுவலகத்துக்கு அவ்வப்போது பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரங்கள் வரும். கையில் வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்து, “ம்” என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்பிவிடுவேன். என் பிரெஞ்சுப் புலமை முழுவதும் அந்த “ம்”மில்தான் இருந்தது. பள்ளியில் இரண்டு வருடம் படித்ததில் மிஞ்சியது வணக்கமும் நன்றியும் ஒன்றிலிருந்து பத்துவரை எண்களும். அதிலும் ஏழும் ஒன்பதும் சந்தேகம்.

அந்த “ம்” என் தலையில் ஒரு நாயைக் கட்டிவைத்தது.

பக்கத்து வீட்டு அம்மாளை எங்கள் தெருவே மதாம் என்றுதான் கூப்பிடும். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. மதாமும் ஒரு பழுப்பு நிற நாயுமாக அந்தப் பெரிய வீட்டில் இருந்தார்கள். நாய் நம்மூர் நாய்தான். காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் விடுகிற இடத்தில் செதிலுக்கு அலைந்துகொண்டிருந்த குட்டியை அவர் கணவர் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். பிறந்தது மீன் வாடையில் என்றாலும் வளர்ந்தது முழுக்கப் பிரெஞ்சில். மதாம் எங்களோடு எல்லாம் தமிழ் பேசுவார், நாயோடு மட்டும் பிரெஞ்சுதான்.

போன கார்த்திகையில் அவருடைய மகளுக்குப் பிரசவம் என்று பிரான்சுக்குப் புறப்பட்டார். நாயைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே தம்பி. இதுக்குத் தமிழ் வராது. வேற யாருகிட்ட விட்டாலும் பேச்சு புரியாம ஏங்கிப் போயிடும். மூணு மாசம் பார்த்துக்குங்க.”

கூடவே ஒரு காகிதத்தை நீட்டினார். பழகிய சொற்களையெல்லாம் அதில் எழுதியிருப்பதாகச் சொன்னார். நான் கண்ணாடியை இறக்கினேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். “ம்” என்றேன். அதை மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகியதோடு சரி.

புறப்படும்போது மதாம் குனிந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பிறகு என்னிடம், “அவரு விட்டுட்டுப் போனதுல உசுரோட இருக்கிறது இது ஒண்ணுதான் தம்பி. இப்படியே திருப்பிக் குடுத்துடுங்க” என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவேன், நாயைக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். நான் நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்தேன்.

வந்த முதல் நாளே அந்த நாய்க்கு என்னைப் பிடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. அன்பாக “வா” என்றால் எழுந்து கொல்லை மூலைக்குப் போய் முதுகைக் காட்டி உட்காரும். “வா வா” என்றால் கிணற்றடிக்குப் போகும். என் மனைவியின் கதை வேறு. அவளுக்கு நாய் என்றாலே ஆகாது. அடுப்படிப் பக்கம் அது மூக்கை நீட்டினால் கரண்டியைத் தூக்கி “போ! போ!” என்று விரட்டுவாள். அதுவோ வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்து அவள் காலில் தலையைத் தேய்க்கும். விரட்ட விரட்ட ஒட்டும்.

“இதுவும் உங்கள மாதிரிதாங்க இருக்கு. சொன்னதுக்கு நேர்மாறா செய்யுது” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நாய் மேல் இல்லை, அவள் மேல். என்னோடு இருக்கும்போது பாராமுகம், அவளிடம் கொஞ்சல் என்றால் யாருக்குத்தான் வராது?

மார்கழிக் கடைசியில் பள்ளிக்கால நண்பர்கள் இருவர் கொடைக்கானல் போகலாம் என்றார்கள். ஒருவன் வளைகுடாவில் பதினெட்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். அத்தனை வருடம் ஊரார் வீட்டையெல்லாம் குளிர வைத்தவனுக்குத் தனக்கென்று வந்தால் குளிரே ஆகாது. இன்னொருவன் பூவத்தில் நெல் போடுகிறவன். சம்பா கதிர் முற்றி நின்றதால் போன் காதைவிட்டு இறங்காது. மணிக்கொரு தரம் வீட்டுக்குக் கூப்பிட்டு “அங்க தூறுதா?” என்று கேட்பான். நான் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன்.

“நீங்க ஏத்துக்கிட்ட நாய். நீங்களே அழைச்சிட்டுப் போங்க” என்று மனைவி சங்கிலியைக் கையில் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை விடிய மெக்கானிக்கின் வண்டியில் புறப்பட்டோம். முன் சீட்டில் மெக்கானிக், பின்னால் நான், நாய், விவசாயி. நாய் மேலே படக்கூடாது என்று மெக்கானிக் முதலிலேயே சொல்லிவிட்டான்.

“எச்சி பட்டுச்சுன்னா ஏழு தடவ கழுவணும்டா. அதுல ஒரு தடவ மண்ணு போட்டு. அந்தக் குளுருல அல்லா என்னைய ரொம்ப சோதிக்கக் கூடாது.”

அப்படிச் சொன்னவன்தான் சட்டைப்பையில் நாய்க்கென்று பிஸ்கட் பொட்டலம் வைத்திருந்தான். வண்டி நின்ற இடத்திலெல்லாம் ஒவ்வொன்றாகத் தூரத்திலிருந்து வீசினான்.

புதுச்சேரிப் பதிவெண் வண்டி என்றால் எல்லை தாண்டியதும் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க. எங்கள் மூன்று பேருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. சொன்னால் யார் நம்புகிறார்கள்? அன்று சோதனைச் சாவடியில் நின்ற போலீஸ்காரர் ஒரு பையைத் திறந்தார். உள்ளே விவசாயி கொண்டுவந்த நெத்திலிக் கருவாடு. முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தவரை நாய் ஜன்னல் வழியே முகர்ந்தது.

“ஏய், போ! போ!” என்று அவர் கையை ஓங்கினார்.

அவ்வளவுதான். நாய் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டு, இரண்டு முன்காலையும் அவர் தோளில் போட்டு, கன்னத்தை நக்கிவிட்டது. அவர் அசந்துபோனார். “பாசமான நாய்ங்க” என்று சொல்லி, இரண்டாவது பையைப் பார்க்காமலே அனுப்பிவைத்தார். எல்லோரிடமும் பாசம், என்னைத் தவிர. திண்டுக்கல் வரை நான் யாரோடும் பேசவில்லை.

கொடைக்கானலைத் தாண்டி ஒரு மலைக்கிராமத்தில் தங்குமிடம். முன்னால் கேரட் தோட்டம் படிப்படியாகப் பள்ளத்தில் இறங்கும். பள்ளத்துக்கு அப்பால் இன்னொரு மலை. மெக்கானிக் மூன்று ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, இரண்டு ஜோடி காலுறை சகிதம் ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் பழுது பார்க்கத் தொடங்கினான். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கழற்றி மாட்டிய பிறகுதான் நின்றது.

ஹீட்டரை ஒட்டிய கட்டில் யாருக்கு என்று அவனுக்கும் விவசாயிக்கும் சண்டை. விவசாயிக்கு நாலு சொல் பேசினால் அதில் இரண்டு “போடா”வாக இருக்கும். “போடா, நான்தான் முதல்ல பெட்டி வச்சேன்.” “போடா, ஹீட்டரையே கொன்னுட்ட, அது பக்கத்துல படுத்தா என்ன, படுக்காட்டி என்ன?” ஒவ்வொரு “போடா”வுக்கும் நாய் குதித்தோடி அவன் மடியில் ஏறியது. விவசாயி நெகிழ்ந்துபோனான்.

“என் மேல அதுக்கு ஒரு இது இருக்குடா. மண்ணுல பாடுபடுற மனுசன வாயில்லா ஜீவனுக்குத் தெரியும்.”

ஞாயிறு காலை பனி விலகி வெயில் அடித்தது. தோட்டத்தின் ஓரம் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். என்னிடம் மட்டும் ஒட்டாத நாயைப் பற்றி இருவரும் கிண்டல் செய்தார்கள். பிரெஞ்சு தெரிந்தவனிடமே பிரெஞ்சு நாய் இப்படி நடந்துகொள்கிறதே என்று மெக்கானிக் கேட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“இது பழக்கின நாய். கட்டிப்போட்டா அதுக்கு அவமானம். பாரு இப்ப” என்று சங்கிலியைக் கழற்றினேன்.

நாய் நாலடி தள்ளி உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. நான் கையை நீட்டி, “வா” என்றேன்.

அது எழுந்து பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தது.

“வாடா.”

ஒரு படி கீழே இறங்கியது. திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. இன்னுமா என்று கேட்பதுபோல் இருந்தது. இருவரும் என் உதவிக்கு வந்தார்கள். மூன்று பேருமாகச் சேர்ந்து “வா! வா! வா!” என்று கத்தினோம். நாய் வாலைத் தாழ்த்திக்கொண்டு இறங்கி ஓடியது.

துரத்தினோம். கண்ணில் படும்போதெல்லாம் கத்தினோம். கத்தும்போதெல்லாம் அது இன்னும் தூரம் போனது. பள்ளத்தில் இருந்த ஓடையைத் தாண்டியது. எதிர் மலையில் ஏறியது. பதினோரு மணிக்கு மேல் அது எதிர் மலையில் ஒரு பழுப்புப் புள்ளி. எங்களுக்கு மூச்சு வாங்கியது. கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள், எங்கள் ஊரில் மேடு என்று பெயர் வைத்த இடமெல்லாம்கூடத் தட்டைதான்.

கேரட் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

“ஏண்ணே, நீங்க நாய கூப்புடுறீகளா, வெரட்டுறீகளா?”

விவசாயி நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு வாசனை காட்டினால் வரும் என்றான். செங்கல் அடுக்கிச் சுட்டான். வந்தன, அந்த ஊர் நாய்கள் நான்கு. எங்கள் நாய் வரவில்லை. அது எதிர் மலையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. போய்ப் பிடிக்கலாம் என்று ஓடைவரை இறங்கி இரண்டு முறை முயன்றோம். நெருங்கியதும் பழக்கத்தில் யாராவது ஒருவன் வாயைத் திறந்துவிடுவான். அது மேலே போய்விடும்.

மூன்றரை மணிக்கு எதிர் மலையை மேகம் தொட ஆரம்பித்தது. நான்கு மணிக்கு மதாம் கூப்பிடுவார். அந்த அம்மாளுக்கு இருப்பது அது ஒன்றுதான். அதையும் என் வீம்புக்காக மலையில் தொலைத்துவிட்டேன். போனை அணைத்துவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததற்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

“எடுடா. மறைச்சா பாவம்” என்றான் மெக்கானிக்.

தோட்டத்து ஓரப் பாறைமேல் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். மூன்று பேரும் ஏறி நின்றோம். சரியாக நான்கு மணிக்கு மதாமின் முகம் திரையில் வந்தது. மடியில் பேரக்குழந்தை.

“எங்க தம்பி அது? காட்டுங்க.”

நான் போனைத் திருப்பினேன். “அதோ இருக்கு மதாம்.”

“மலைதான் தெரியுது.”

“அந்த மலையிலதான் இருக்கு.”

நான் நடந்ததைச் சொன்னேன். மதாம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“என்னா சொல்லிக் கூப்பிட்டீங்க?”

“வான்னுதான் மதாம்.”

“எத்தன மணிலேருந்து?”

“காலைல எட்டரைலேருந்து.”

மதாம் கண்ணை மூடிக்கொண்டார்.

“தம்பி, பிரெஞ்சுல ‘வா’ன்னா போன்னு அர்த்தம். முதல் வரியிலயே எழுதியிருந்தேனே. அது பாவம், காலைலேருந்து நீங்க சொன்னபடிதான் கேட்டுக்கிட்டிருக்கு.”

நண்பர்கள் இருவரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கண்ணாடியை இறக்கி “ம்” சொல்ல அங்கே இடமில்லை. “எனக்குப் பிரெஞ்சு தெரியாதுங்க மதாம்” என்று நாற்பத்தெட்டு வயதில் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

“அது இப்ப தெரியுது. ‘வியாங்’னு சொல்லுங்க. அதான் வான்னு அர்த்தம்.”

சொன்னோம். மூக்கால் சொல்ல வேண்டுமாம். நான் சொன்னது வியான், மெக்கானிக் சொன்னது பியான், குளிரில் பல் அடித்துக்கொண்டதில் அது இன்னும் நான்கு துண்டானது. மதாமே போனில் கத்திப் பார்த்தார். அவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை. எதிர் மலையில் மேகம் பாதிவரை இறங்கிவிட்டது. புள்ளி மங்கியது.

விவசாயிக்குப் பொறுமை போய்விட்டது. தொண்டை கிழிய எதிர் மலையைப் பார்த்துக் கத்தினான்.

“போடா! எங்கயாச்சும் போ! போ!”

புள்ளி அசைந்தது. எழுந்து நின்றது. பிறகு சரிவில் உருண்டு வருவதுபோல் எங்களை நோக்கி ஓடிவர ஆரம்பித்தது.

“என்னாங்க சொன்னாரு அவரு?” என்றார் மதாம். குரல் மாறியிருந்தது.

“கோவத்துல போன்னு திட்டிட்டான் மதாம்.”

“அது திட்டில்ல தம்பி.” அம்பு என்று சொல்லும்போது ஒரு ‘பு’ வருமே, அந்த அழுத்தத்தில் சொன்னால் பிரெஞ்சில் ‘போ’ என்பதற்கு அழகு என்று அர்த்தமாம். “எங்க வீட்டுக்காரரு காலைல எழுந்ததும் அத மடியில போட்டுக்கிட்டு, ‘போ, போ’ன்னு தடவிக்கிட்டே இருப்பாரு. எங்கேருந்தாலும் அந்தச் சொல்லுக்கு ஓடி வந்துடும். அவரு போனதுலேருந்து நான் அத வாயால சொல்றதில்ல. சொல்ல முடியல. அதான் காயிதத்துலயும் எழுதல.”

எனக்கு அடுப்படியில் கரண்டியோடு நிற்கும் மனைவி நினைவுக்கு வந்தாள். போலீஸ்காரர் நினைவுக்கு வந்தார். செத்துப்போன எஜமானரின் சொல் திரும்பத் திரும்பக் காதில் விழுந்து, ஒவ்வொரு முறையும் நம்பி ஓடியிருக்கிறது அந்த நாய்.

அதற்குள் மேகம் பள்ளத்தை மூடிவிட்டது. நாய் எந்தத் திக்கில் வருகிறது என்று தெரியவில்லை. நாங்கள் நிறுத்தவில்லை. பாறைமேல் நின்று மூன்று பேரும் கண்ணீர் வழிய “போ! போ! போ!” என்று கதறினோம். கேரட் தோட்டத்துப் பெண் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போகிற வழியில் நின்றார்.

“இப்பத்தேன் வெரட்டுறீகளாக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து நிமிடம் இருக்கும். மேகத்துக்குள்ளிருந்து தொப்பலாக நனைந்த நாய் பாய்ந்து வந்தது. வந்த வேகத்தில் முன்னால் நின்ற மெக்கானிக்கின் மேல் விழுந்து முகம், குல்லா, மூன்று ஸ்வெட்டர் எல்லாவற்றையும் நக்கித் தீர்த்தது. அவன் தள்ளவில்லை. அதை இறுகக் கட்டிக்கொண்டு, “பரவால்லடா, கழுவிக்கிறேன். ஏழு தடவதானே” என்று அழுதான். அன்று மாலை, வெந்நீர் வராத அந்தக் குளியலறையிலிருந்து அவன் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போட்ட அலறல் பக்கத்துத் தங்குமிடம்வரை கேட்டது. மண் எடுக்கக் கேரட் பாத்திக்குப் போனவன் விவசாயி. ஆனால் அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

“அப்ப என் மேல அதுக்கு ஒண்ணும் இல்லியாடா?” என்று ஊர் வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

நாயின் முகத்தைத் திரைக்கு நேராகப் பிடித்துக் காட்டியபோது மதாம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிக மெதுவாக, இரண்டு வருடம் சொல்லாமல் வைத்திருந்த சொல்லைச் சொன்னார். “போ.” நாய் போனை நக்கியது. திரையில் அதற்கப்புறம் எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். முதல் வேலையாகக் காலண்டருக்குப் பின்னாலிருந்த காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதைப் பார்த்து மூக்கால் ‘வியாங்’ சொல்லப் பழகினேன், நாயும் மெல்ல என்னிடம் ஒட்டிக்கொண்டது. அர்த்தம் தெரிந்த பிறகும் அவள் நாயை விரட்ட அதே சொல்லைத்தான் பயன்படுத்தினாள். பழக்கத்தில் வந்துவிடுகிறது என்றாள். கரண்டி மட்டும் கையில் இருப்பதில்லை.

மாசிக் கடைசியில் மதாம் திரும்பி வந்தார். பெட்டிகூட இறக்காமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்து கையை நீட்டினார். நாய் ஓடிப்போய் அவரைச் சுற்றிச் சுற்றிக் குதித்தது. முனகியது, மண்ணில் புரண்டது. அப்புறம் திரும்பி வந்து என் கால்மேல் உட்கார்ந்துகொண்டது. மதாம் கூப்பிட்டார். அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை.

“நீங்க சொல்லுங்க தம்பி. நீங்க சொன்னாத்தான் போவும்” என்றார்.

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை காகிதத்தைப் படித்திருந்தேன். என் வீட்டுக்கு வந்த யாரிடமும் அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்ல நான் இவ்வளவு திணறியதில்லை.

“வா” என்றேன்.

நாய் எழுந்தது. சொன்ன சொல் கேட்டு, படியிறங்கி, மதாமின் பின்னால் நடந்தது. பக்கத்து வீட்டுக் கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

என் முதுகுக்குப் பின்னால் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி, யாருக்கும் கேட்காத குரலில், “போ” என்றாள்.

“சொல்லாதடி, திரும்பி வந்துடும்” என்றேன்.

“அதுக்குத்தாங்க சொல்றேன்” என்றாள்.